ஏசாவின் பிரயாரிட்டி டேட்

டெக்சாஸின் இர்விங்கில் எங்கள் அபார்ட்மெண்ட் வளாகத்து வாசலில் ஒரு ஸ்டாப் சைன் உண்டு. காலை ஏழு மணிக்கு அங்கே குறுக்கே ஓர் அணில்கூடப் போகாது. சற்குணம் அண்ணாச்சி அந்த இடத்தில் காரை முழுசாக நிறுத்துவார். சக்கரம் நின்றால் மட்டும் போதாது. நின்ற கார் முன்னே சாய்ந்து பின்னே வந்து அமருமே, அந்தச் சின்ன ஆட்டமும் அடங்க வேண்டும். அதற்குப் பிறகு ஸ்டியரிங்கிலிருந்து வலது கையின் மூன்று விரல்களைத் தூக்கி, ஒவ்வொன்றாக மடக்குவார். உதடு லேசாக அசையும். "ஆபிரகாம். ஈசாக்கு. யாக்கோபு." மூன்று பெயர்களும் முடிந்த பிறகுதான் கால் பிரேக்கிலிருந்து எழும். பின்னாலிருந்து ஹாரன் அடித்தாலும் விரலின் வேகம் மாறாது.

"ஒரே ஒரு டிராஃபிக் டிக்கெட் போதும் டே," என்பார் என்னிடம். "கிரீன் கார்டு ஃபைலத் தொறக்கிற ஆபீசர் மொதல்ல அதத்தான் பாப்பாம்."

அவர் நாசரேத்துக்காரர். திருச்செந்தூர் ரயில் பாதையில் இருக்கும் நம் நாசரேத். நான் மேலப்பாளையம். அவருக்குக் கீழ் வீட்டில் இரண்டு பேரோடு தங்கியிருந்தேன். என்னிடம் கார் இல்லாததால் தினமும் வேலைக்கு ரிச்சர்ட்சன் வரை அவர் காரில்தான் பயணம். நாற்பத்தைந்து தாண்டிய மனிதர். பழைய மெயின்ஃப்ரேம் புரோகிராம்களைச் சரிபார்ப்பது வேலை. நான் கவிதைப் புத்தகத்தைத் திறந்தால், "ஏலே மீரானு, வரியப் பாதியில ஒடிச்சு ஒடிச்சு எழுதியிருக்கானே, பேப்பர் மிச்சமா அவனுக்கு?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்குக் காத்திராமல் தன் கதையை ஆரம்பித்துவிடுவார். ஞாயிற்றுக்கிழமைகளில் தமிழ்ச் சபையில் பிள்ளைகளுக்கு வேதக் கதை சொல்லிக்கொடுப்பவர் அவர். அடுத்த வாரக் கதைக்கு என் காதில்தான் ஒத்திகை நடக்கும்.

எங்கள் இருவருக்கும் முதலாளி ஒருவரே. கோயம்புத்தூர் மயில்சாமி சார். ஆட்களை வேறு வேறு கம்பெனிகளுக்கு வேலைக்கு அனுப்பும் சின்ன கன்சல்டிங் நிறுவனம் நடத்தினார். பெயர்தான் அவருடையது. நிர்வாகம் முழுக்க அவர் மனைவி வசந்தாமணி மேடம். சேர்ப்பது, நீக்குவது, வீசா, சம்பளம் எல்லாமே அவர் வீட்டுச் சமையலறை மேசையிலிருந்துதான் நடந்தது.

கிரீன் கார்டுக்கு முதல் படிக்கு நாங்கள் லேபர் என்று சொல்வோம். இந்த வேலைக்கு உள்ளூர் ஆள் கிடைக்கவில்லை என்று நிறுவனம் மனுப்போட்டு அரசிடம் வாங்கும் அனுமதி. மனுப்போட்ட தேதிதான் வரிசையில் ஒருவருடைய இடம். அதற்குப் பிரயாரிட்டி டேட் என்று பெயர். அமெரிக்காவில் நம் ஆட்கள் இருவர் சந்தித்தால், எந்த ஊர் என்பதற்கு அடுத்த கேள்வி அதுதான். அண்ணாச்சியின் தேதி 2001 ஏப்ரல். அரசு அலுவலகத்தில் அந்த மனு வருடக்கணக்காகத் தூங்கிக்கொண்டிருந்தது. அது விழித்தால் குடும்பம் முழுவதுக்கும் கார்டு. அண்ணாச்சி, பியூலா அக்கா, மகள் ஹெப்சி. ஆனால் ஹெப்சிக்கு இருபத்தொன்று ஆகிவிட்டால் அப்பாவின் மனுவிலிருந்து அவள் தானாகவே உதிர்ந்துவிடுவாள். 2007 செப்டம்பரில் அவளுக்கு இருபத்தொன்று. அந்த ஸ்டாப் சைனில் அவர் விரல் மடக்கியதெல்லாம் அந்தச் செப்டம்பருக்காகத்தான்.

2004இல் வசந்தாமணி மேடத்தின் தங்கை மகன் பாலன் வந்து சேர்ந்தான். எங்கள் வளாகத்திலேயே வீடு. அண்ணாச்சிதான் அவனுக்கு வேலை பழக்கினார். கார் ஓட்டவும் அவர்தான் சொல்லிக்கொடுத்தார். அவன் ஓட்டும்போதும் அந்த ஸ்டாப் சைனில் மூன்று பெயர்கள் சொல்லியாக வேண்டும். "நான் முருகன் கோஷ்டிங்ணா," என்பான் பாலன். "அப்பம் முருகன், வள்ளி, தெய்வானை சொல்லு. நிக்கணும், அவ்வளவுதான்," என்பார் இவர். பியூலா அக்கா வீட்டில்தான் அவனுக்கு ராத்திரிச் சாப்பாடு. அக்கா அதிகம் பேசமாட்டார். அவன் தட்டில் சோறு குறைவதற்குள் கரண்டி வந்துவிடும்.

2006 நவம்பரில், தேங்க்ஸ்கிவிங் விடுமுறைக்கு மயில்சாமி சார் வீட்டில் பாட்லக். ஆளுக்கொரு பாத்திரம். ஆண்கள் கார்ப்பெட்டில் பேப்பர் தட்டோடு உட்கார்ந்திருந்தோம். புதிதாக வந்த சென்னைப் பையன் ஒருவன் வரிசையாக எல்லோருடைய பிரயாரிட்டி டேட்டையும் விசாரித்துக்கொண்டே வந்தான். பாலனின் முறை வந்தது.

"ஏப்ரல் ரெண்டாயிரத்தொண்ணுங்க," என்றான் பாலன், வாயில் வடையோடு.

யாரோ சிரித்தார்கள். "டேய், நீ வந்ததே ரெண்டாயிரத்து நாலு. அப்ப நீ காலேஜ்ல பிட் அடிச்சுட்டு இருந்திருப்ப!"

"இல்லீங்க, பழைய லேபர் ஒண்ணு சும்மா கெடந்துச்சாமா. அதுல பேரை மாத்தி எம்பேரைப் போட்டாங்க பெரியம்மா. சப்ஸ்டிட்யூஷன்னு சொல்றாங்க. சட்டப்படி பண்ணலாமுங்க. அடுத்த ஸ்டெப்பெல்லாம் ஃபைல் பண்ணியாச்சு."

அண்ணாச்சி தட்டைக் கார்ப்பெட்டில் வைத்தார். எழுந்து நேராகச் சமையலறைக்குப் போனார். அவர் நடந்த விதம் எனக்குப் பிடிக்கவில்லை. பின்னாலேயே போனேன். வசந்தாமணி மேடம் தெர்மாக்கோல் கப்புகளில் ரசம் ஊற்றிக்கொண்டிருந்தார்.

"எந்த லேபர் மேடம் சும்மா கெடந்துச்சு?"

"சற்குணம், சாப்புட்டுட்டுப் பேசலாமுங்க. பாயசம் எடுத்தீங்களா?"

"என் லேபர் எப்பம் அப்ரூவ் ஆச்சு?"

மேடம் கரண்டியை வைக்கவில்லை. "லேபருங்கறது கம்பெனியோடதுங்க. ஆளுக்குக் குடுக்கறதில்ல, வேலைக்குக் குடுக்கறது. வக்கீலைக் கேட்டுத்தான் பண்ணுனோம்."

"அந்த வேலைய இத்தன வருசமா யாரு பாத்தா?"

"உங்களுக்குப் புதுசா ஒண்ணு போட்டுத் தந்தர்றமுங்க. இப்பல்லாம் கம்ப்யூட்டர்லயே போடறது. ரெண்டு மூணு மாசத்துல வந்துருது."

"வரும். வரிசையில கடைசியில போயி நிக்கணும். அதுக்குள்ள எம் பிள்ளைக்கு இருவத்தொண்ணு முடிஞ்சிரும்."

"ஹெப்சி கெட்டிக்காரப் புள்ள. ஸ்டூடண்ட் வீசாவுக்கு மாறிக்கட்டுமே. இதுக்குப் போயி..."

அண்ணாச்சி திரும்பி ஹாலுக்கு வந்தார். மயில்சாமி சார் டிவியில் ஃபுட்பால் பார்த்துக்கொண்டிருந்தார். "சார், நீங்களா கையெழுத்துப் போட்டிய?"

சார் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல், "ஊட்டுக்காரி நீட்டறதுல நான் எதைப் படிச்சேன் சற்குணம்? இன்சூரன்ஸ்னு நெனச்சேனுங்க," என்றார்.

"கண்ணு தெரியாத ஈசாக்கு கூட கையத் தடவிப் பாத்தாம்வே!"

அண்ணாச்சி போட்ட சத்தத்தில் ஹாலில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். பிறகு இரண்டு பேர் சிரித்தார்கள், ஏதோ ஜோக் என்று நினைத்து. எனக்கு அந்தச் சிரிப்பின் மீதுதான் முதல் கோபம் வந்தது. அது இன்றுவரை தணியவில்லை.

அந்த வீட்டில் இருந்தவர்களில் எனக்கும் அவர் குடும்பத்துக்கும் மட்டும்தான் அந்த வாக்கியம் புரிந்திருக்கும். ஈசாக்குக்கு இரட்டைப் பிள்ளைகள். மூத்தவன் ஏசா, உடம்பெல்லாம் ரோமம் மூடிய வேட்டைக்காரன். இளையவன் யாக்கோபு, அம்மாவின் செல்லம். ஒருநாள் பசியில் சாகக்கிடந்த ஏசா, தம்பி காய்ச்சிய பருப்புக் கூழுக்காக மூத்த பிள்ளை உரிமையையே விட்டுக்கொடுக்கிறான். பின்னால், பார்வை மங்கிய கிழவர் மூத்தவனுக்குக் கடைசி ஆசீர்வாதம் கொடுக்கக் கூப்பிடும்போது, தாய் ரெபேக்காள் இளையவனின் கையில் ஆட்டுத்தோலைச் சுற்றி உள்ளே அனுப்புகிறாள். கிழவர் தடவிப் பார்க்கிறார், ரோமம் தட்டுப்படுகிறது, கொடுத்துவிடுகிறார். கொடுத்ததைத் திரும்ப வாங்க முடியாது.

திரும்பி வரும்போது காரில் பியூலா அக்கா முன் ஸீட்டில் காலிப் பாத்திரத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஹெப்சி பின்னால், என் பக்கத்தில்.

"ஏசாவுக்காவது ஒரு சட்டிக் கூழு கெடச்சுது," என்றார் அண்ணாச்சி. "இங்க கூழையும் நாமதான பியூலா ஊத்துனோம்! ரெண்டு வருசம் ஊத்துனோம்! தின்னுட்டுத் தட்டையும் எடுத்துட்டுப் போயிட்டானே!"

"டாட், ப்ளீஸ். ஹி ப்ராபப்லி டிட்ன்ட் நோ," என்றாள் ஹெப்சி.

"தெரியாதா? யாக்கோபுக்குத் தங் கையில கெட்டியிருக்கது ஆட்டுத்தோலுன்னு தெரியாதா?"

"ரோட்டப் பாத்து ஓட்டுங்க," என்றார் பியூலா அக்கா. அன்று அவர் பேசியது அவ்வளவுதான்.

வளாகத்து ஸ்டாப் சைனை அண்ணாச்சி நிற்காமல் கடந்தார். மறுவாரம் நின்றார். மூன்று விரல்களும் எழுந்தன. "ஆபிரகாம். ஈசாக்கு." மூன்றாவது விரலை மடக்காமல் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். "ஏசா," என்று சொல்லிவிட்டு ஆக்சிலரேட்டரை மிதித்தார்.

அந்த மாதங்களில் எங்கள் கார் ஒரு கோர்ட்டாகவே இருந்தது. ஃப்ரீவேயில் டிராஃபிக் நின்றுவிட்டால் வழக்கு தொடங்கும். எங்கள் வீட்டில் யாக்கோபை யாகூப் நபி என்று மரியாதையோடு சொல்லித்தான் பழக்கம். நபிமார்கள் ஏமாற்ற மாட்டார்கள் என்றுதான் உம்மா சொல்லிக்கொடுத்திருந்தார். ஒருநாள் தயங்கித் தயங்கி அதைச் சொன்னேன்.

"உங்க யாகூப்பு வேற ஆளு டே, அவருக்கு ஸ்தோத்திரம்," என்றார். "நான் சொல்லுதது எங்க ஆளு."

"அவரும் பின்னாடி அழுதாரே அண்ணாச்சி. யூசுஃபுக்காக, கண்ணே போற அளவுக்கு."

"அழுதாம். அவன் அப்பன ஆட்டுத்தோல வச்சு ஏமாத்துனான். அவன் பெத்த பயலுக தம்பி சட்டையில ஆட்டு ரத்தத்த முக்கிக் கொண்டாந்து அவன ஏமாத்துனானுக. கணக்குத் தீந்துபோச்சும்பாரு எங்க பாஸ்டர். யாருக்குத் தீந்துச்சு? ஏசாவுக்கு அதுல என்ன வந்துச்சு? வரிசையில ஒரு எடமாவது முன்னால போனானா?"

முன்னால் நின்ற கார்கள் நகரத் தொடங்கின.

ஞாயிற்றுக்கிழமைகளில் சபை முடிந்ததும் அவர்களோடு மளிகைக்குப் போவேன். அதனால் பிள்ளைகள் வகுப்பின் கடைசி நாற்காலியில் காத்திருப்பது வழக்கம். அமெரிக்கச் சபை ஒன்றின் கட்டடத்தை மத்தியானத்துக்கு வாடகைக்கு எடுத்திருந்தார்கள். அண்ணாச்சி அந்த டிசம்பரில் கிறிஸ்துமஸ் கதையை விட்டுவிட்டு ஏசாவை எடுத்தார்.

"அவ்வளவு பெரிய ஆளு, சின்னப் பிள்ள மாதிரி ஏங்கி ஏங்கி அழுதான் மக்கா. எனக்குன்னு ஒண்ணுகூட எடுத்து வைக்கலியாப்பான்னு கேட்டான்."

முன் வரிசையில் ஒரு குட்டிப்பெண் கையைத் தூக்கினாள். "அங்கிள், ஒய் காண்ட் த டாட் ஜஸ்ட் கேன்சல் இட்?"

"அதான் எனக்கும் தெரியல மக்கா."

"தட்ஸ் நாட் ஃபேர்!" என்றான் ஒரு பையன். "டிட் ஏசா பீட் ஹிம் அப்?"

அவர் கையிலிருந்த படப் புத்தகத்தின் அடுத்த பக்கம் எனக்குத் தெரிந்தது. வருடங்கள் கழிந்து தம்பி பயந்து பயந்து திரும்பி வருகிறான். ஏசா ஓடிப்போய் அவனைக் கட்டிக்கொள்கிறான். இருவரும் அழுகிறார்கள். அண்ணாச்சி அந்தப் பக்கத்தை உள்ளங்கையால் மூடிக்கொண்டு, "அடுத்த வாரம்," என்றார்.

அடுத்த வாரம் தங்கையைக் கெடுத்தவனின் ஊரையே வாளால் வெட்டிய சிமியோன், லேவி வந்தார்கள். அதற்கு அடுத்த வாரம் அப்சலோம் வந்தான். தன் சகோதரியைச் சீரழித்தவனிடம் நல்லதும் பேசாமல் கெட்டதும் பேசாமல் இரண்டு வருடம் பொறுத்திருந்து, விருந்துக்குக் கூப்பிட்டு, அவன் குடித்து மகிழ்ந்திருக்கும்போது கொன்றவன். பெற்றோர்கள் பாஸ்டரிடம் போனார்கள். பாஸ்டர் அண்ணாச்சியின் தோளில் கை போட்டு, "அண்ணே, பிள்ளைங்க பயந்து கெடக்குதுங்க. கொஞ்ச நாள் நோவா பேழை, மிருகங்க, அந்த மாதிரி..." என்றார்.

"அதுலயும் பேழைக்கு வெளிய நின்னவன் எல்லாம் முங்கித்தான பாஸ்டர் செத்தான்," என்றார் அண்ணாச்சி. அதோடு வகுப்பை வேறு ஒருவருக்குக் கொடுத்துவிட்டார்கள்.

ஜனவரியின் தொடக்கத்தில் ஒரு காலை அவர் என்னிடம் சொன்னார். "மீரானு, நீ வேற கம்பெனி பாத்துக்கோ. சீக்கிரம் பாத்துக்கோ."

"ஏன் அண்ணாச்சி?"

"புராஜெக்ட் இல்லாத மாசம் அந்த மேடம் நம்மள பெஞ்சுல ஒக்கார வச்சு, சம்பளம் குடுக்காமப் போட்டாளே, ஞாபகம் இருக்கா? அது சட்டப்படிக் குத்தம். ஒரு போனு போதும். லேபர் டிபார்ட்மெண்ட் வந்து கதவச் சாத்திரும். நான் சிம்சோன் டே. தூணப் பிடிச்சுட்டேன். நீ வெளிய போனா இழுத்துருவேன்."

"உங்களுக்கும் வீசா போயிருமே."

"சிம்சோனுக்குப் போகலியா?"

எதிரிகள் நிறைந்த மண்டபத்தின் தூண்களை இழுத்துச் சாய்த்து, அவர்களோடு தானும் செத்தவன் சிம்சோன். அண்ணாச்சியின் முகத்தைப் பார்த்தேன். விளையாட்டாகத் தெரியவில்லை. நான் வேறு நிறுவனம் தேடினேன். பிப்ரவரியில் மாறிவிட்டேன். சொந்தமாக ஒரு பழைய காரும் வாங்கினேன். அண்ணாச்சியை அதன் பிறகு மாடிப்படியில்தான் பார்க்க முடிந்தது. என்னைப் பார்த்தால் "என்ன டே" என்பார். அதற்குமேல் பேச்சு ஓடாது. சத்தம் போட்டுக்கொண்டிருந்த மனிதர் அமைதியானது எனக்குக் கூடுதல் பயமாக இருந்தது.

ஏப்ரலில் அதிகாரிகள் வந்தார்கள். பெஞ்சில் இருந்தவர்களை ஒவ்வொருவராகக் கூப்பிட்டு விசாரித்தார்கள். செய்தி பரவியதும் வேலை கொடுத்திருந்த கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாகக் கழன்றுகொண்டன. ஜூன் பிறந்தபோது மயில்சாமி சாரின் நிறுவனம் இல்லை. யார் போன் செய்தது என்று யாரும் கேட்கவே இல்லை. எல்லோருக்கும் தெரியும், பாட்லக்கில் கத்தியவர்தான். அண்ணாச்சி ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. பாலனுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவன் மனு அதற்குள் பாதுகாப்பான கட்டத்தைத் தாண்டியிருந்தது. வேறு கம்பெனியில் சேர்ந்துகொண்டான். யாக்கோபுகள் எப்போதும் ஆற்றைக் கடந்துவிடுகிறார்கள்.

அண்ணாச்சியின் ஆறு வருட வீசா எப்போதோ முடிந்து, அந்தப் பழைய லேபரின் தயவில்தான் நீண்டுகொண்டிருந்தது. அந்த நீட்டிப்பும் ஜூனில் தீர்ந்தது. ஹெப்சி மூன்றாம் வருடப் படிப்பைப் பாதியில் விட்டாள். ஏர்போர்ட்டுக்கு என் காரில்தான் போனோம். வளாகத்து வாசலில் நான் முழுசாக நிறுத்தினேன். அண்ணாச்சி ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார். ஹெப்சி அழாமல் இருக்கப் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தாள். எனக்கு மயில்சாமி சார் மீது, அந்த மேடம் மீது, பாலன் மீது, கடைசியில் அண்ணாச்சி மீதே கோபம். தூணை இழுத்தவருக்குத் தன் பிள்ளையும் அதே மண்டபத்தில் நிற்பது தெரியவில்லையா?

அவர்கள் போன அடுத்த மாதம், யாரும் கனவில்கூடக் காணாதது நடந்தது. 2007 ஜூலையில் அரசு திடீரென்று வரிசையையே எடுத்துவிட்டது. லேபர் அப்ரூவ் ஆன எவரும், எந்தத் தேதிக்காரரும், கொஞ்ச காலத்துக்குக் கடைசிக் கட்ட மனுவைப் போடலாம். பிரயாரிட்டி டேட் கிடக்கட்டும் என்று ஆனது. இர்விங்கில் மனுவுக்கான தடுப்பூசி போடும் கிளினிக் வாசலில் கூட்டம். போட்டோ எடுக்கும் கடையில் கூட்டம். ஹெப்சிக்கு இருபத்தொன்று ஆக இன்னும் இரண்டு மாதம் இருந்தது.

அந்த வாரம்தான் இந்தியன் ஸ்டோரில் பாலன் எதிரில் வந்தான். நான் திரும்பிக்கொண்டேன். அவன் விடவில்லை.

"நீங்களாச்சும் சொல்லுங்க மீரான். சற்குணம் அண்ணா ஏனுங்க அப்படிப் பண்ணுனாரு?"

"ஏன்னு உனக்குத் தெரியாதா?"

"அதில்லீங்க. அவருக்குப் புது லேபர் போட்டாச்சே. ஜனவரியில அவரே பெரியம்மாகிட்ட வந்து, பரவால்லீங்க மேடம், போடுங்கன்னு கையெழுத்துப் போட்டாரு. என்னையும் பாத்துத் தோள்ல தட்டிக் குடுத்துட்டுத்தான் போனாரு. மார்ச்சுல அப்ரூவும் ஆயிருச்சு. கம்பெனி இருந்திருந்தா இன்னைக்கு அவரும் ஹெப்சியும் ஃபைல் பண்ணியிருக்கலாமே. தானே வாங்குனதத் தானே எதுக்குங்க ஒடைச்சாரு?"

"பொய் சொல்லாத," என்றேன். என் குரல் கடையில் எல்லோருக்கும் கேட்டது. நான் அப்படிக் கத்துகிற ஆள் இல்லை. கூடையை அங்கேயே வைத்துவிட்டு வெளியே வந்தேன்.

2009இல் விடுப்பில் ஊருக்குப் போனபோது நாசரேத்துக்குப் போனேன். அண்ணாச்சி ஒரு பள்ளிக்கூடத்தில் கம்ப்யூட்டர் வாத்தியார் ஆகியிருந்தார். மெலிந்திருந்தார். என்னைக் கட்டிக்கொண்டு, "இன்னும் ஒடிச்சு ஒடிச்சுதான் படிக்கியா டே?" என்றார். டெக்சாஸ் பற்றி இருவரும் பேசவில்லை. பியூலா அக்கா மீன்குழம்பும் சோறும் போட்டார். நான் போதும் என்றும் கரண்டி வந்துகொண்டே இருந்தது.

பஸ் ஏற்றிவிட ஹெப்சி வந்தாள். விட்ட படிப்பைப் பாளையங்கோட்டையில் முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்தாள். தெரு முனையில், பாலன் சொன்னது நிஜமா என்று அவளிடம் கேட்டேன்.

"யெஸ். டாட் ஜனவரியில சைன் பண்ணிட்டார். எனக்காக. ஆனா யார்கிட்டயும் சொல்லல. அவ்வளவு கத்திட்டு, திரும்பப் போயிட்டோமேன்னு ஷேம். அம்மாகிட்டகூடச் சொல்லல."

"அப்போ ஏன் போன் பண்ணினாரு?"

அவள் பஸ் வரும் திசையைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். அப்பா யாருக்கும் போன் செய்யவே இல்லை. பிப்ரவரியில் ஒருநாள் மத்தியானம், அப்பா வேலையில் இருந்தபோது, லேபர் டிபார்ட்மெண்டின் நம்பரைத் தேடிப்பிடித்துக் கூப்பிட்டது அம்மா.